இரண்டாம் குரல்காரன் தனியாகப் பாடிய ஒன்பது பாட்டு

கோபித்துக்கொண்டு போனான் என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரே ராக் குழுவில் கிதார் வாசித்தவன், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிதாரைப் பெட்டியில் படுக்கவைத்து, கொக்கியை மாட்டி, "நான் இனிமே வரலைடா" என்று சொல்லிப் படியிறங்கினான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோபமாக இருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். அது ஆசை. ஆசை அப்படி ஆறுகிற சாமான் இல்லை.

என்ன ஆசை? மாடமாளிகையா கேட்டான்? தன் பாட்டைத் தானே முன்னால் நின்று பாட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் குழுவில் நாலு பேர். முன்னால் நின்று பாடுகிறவன் இவனுடைய மச்சான். படிக்கிற காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் சும்மா "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். பிறகு அவன் இவனுடைய தங்கையைக் கட்டிக்கொண்டு அதை உண்மையாக்கிவிட்டான். டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு இடி என்று பெயர். பேஸ் கிதார்காரன் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது, அதனால் அவன் முனகல். இவனை எல்லோரும் ரெண்டு என்று கூப்பிட்டார்கள். இவன் இரண்டாம் குரல். மச்சான் மெட்டைப் பாடுவான். அதே சொற்களை, அதே நேரத்தில், அதற்கு இரண்டு படி மேலே ஏறி நின்று இவன் பாடுவான். கேட்கிறவர்களுக்கு இவன் குரல் தனியாகத் தெரியாது. மச்சானின் குரல் இன்றைக்கு ஏனோ நல்ல வெளிச்சமாக இருக்கிறதே என்று மட்டும் நினைப்பார்கள். இரண்டாம் குரல் சரியாக அமைந்தால் அப்படித்தான். அது இருப்பதே தெரியக்கூடாது.

லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். இவன் மச்சானின் முதுகைப் பார்த்தே பாடினான். தோள் ஒரு விரற்கடை உயர்ந்தால் மூச்சு வாங்கப்போகிறான். தலை இடதுபக்கம் சாய்ந்தால் வரியை இழுக்கப்போகிறான். குதிகால் தரையில் ஊன்றினால் கத்தப்போகிறான். கட்டிக்கொண்ட தங்கைக்குக்கூட அந்த முதுகு அவ்வளவு பாடமில்லை.

பகலில் இவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். பன்னிரண்டு மாடி, பதினெட்டு மாடி என்று கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பான். மோட்டார் ஒரு சுருதியில் உறுமும். இவன் தன்னை அறியாமல் அதற்கு இரண்டு படி மேலே முனகிக்கொண்டிருப்பான். வீட்டில் ஃபிரிட்ஜ், தெருவில் தண்ணீர் லாரி, எது ஒலித்தாலும் கூடவே இவனும் ஒலிப்பான்.

"மிக்ஸிக்குக்கூட ரெண்டாம் குரல் பாடற மனுஷனை நான் எங்கேயும் பார்த்ததில்லைங்க" என்பாள் அவன் பெண்டாட்டி. "நான் மிக்ஸியை நிறுத்தினா நீங்க பாட்டுக்கு அந்தரத்துல தொங்கறீங்க."

பிரிந்தது எப்படி என்றால், இப்படி. ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சி. ஸ்பீக்கர் எல்லாம் கட்டியாகிவிட்டது, வெயில் இறங்கவில்லை. மச்சானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. வெந்நீரைக் குடித்துவிட்டு ஒரு ஒயர்ச் சுருள்மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என்ன செய்வது என்று நாலு பேரும் விழிக்கிறார்கள்.

"நான் பாடறேன்" என்றான் இவன்.

முனகல் தன் கிதார் வாரைச் சரிசெய்தான். இடி சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும், தானாக வந்துவிட்டது.

"நீ ரெண்டுடா" என்றான் இடி. "ஒண்ணு இல்லாம ரெண்டு எப்படிடா வரும்?"

மச்சான் தலையைத் தூக்கி இவனைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். காற்றுதான் வந்தது. நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்கள். ஆயிரம் பேர் வந்து திரும்பிப் போனார்கள். இவனைப் பாடவிடுவதைவிட ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்புவது சுலபமாக இருந்திருக்கிறது அவர்களுக்கு. அதைத்தான் இவனால் மென்று விழுங்க முடியவில்லை. இரண்டு வாரம் முயன்று பார்த்தான். பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஏழு மாதத்தில் ஒன்பது பாட்டுக் கட்டினான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கிதாரை மின்சாரத்தில் சேர்க்காமல், கம்பி அதிர்வது தொடையில் மட்டும் தெரிய வாசித்துக் கட்டினான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவனைப் பற்றி ஒரு பாட்டு. வாடகை வீட்டுச் சுவரில் முன்னே குடியிருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணிகளைப் பற்றி ஒன்று. "ஏழாம் மாடியில் விளக்கு எரியுது, யாரோ இறங்க மறந்தாங்க" என்று ஒன்று. நல்ல பாட்டுகள். வாய்க்கு வந்ததைப் பாட்டு என்று சொல்கிற ஆள் இல்லை அவன்.

பதிவு செய்ய ஓர் இடம் பிடித்தான். சோபாக் கடைக்கு மேலே ஒரு அறை. கடையில் மிஞ்சிய நுரைப்பஞ்சைத்தான் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள், மஞ்சளும் பச்சையுமாக. ஒலிப்பதிவு செய்கிறவள் முப்பது வயதுப் பெண். அதிகம் பேசமாட்டாள், பேசினால் தேங்காய் உடைத்த மாதிரி பேசுவாள். சனிக்கிழமை தோறும் மத்தியானம் இவனுக்கு நேரம். டிரம்ஸைக் கணினியிலேயே அமைத்தாள். கிதாரும் பேஸும் இவனே வாசித்தான். மூன்று சனிக்கிழமையில் வாத்தியம் முடிந்தது. நாலாவது சனிக்கிழமை, பாடுகிற நாள்.

குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனான். ஒலிப்பதிவில் சட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் போட்டுக்கொண்டான். மைக்குக்கு முன்னால் நின்றான். எதிரே யாருடைய முதுகும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் மாடிப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினான். பத்தொன்பது வருஷம் நெஞ்சில் அடைத்திருந்தது வெளியே வந்துவிட்டதென்று நினைத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"அருமை சார். ஒரே டேக். இது அப்படியே இருக்கட்டும். மெயின் வாய்ஸ் எப்பப் பாடறீங்க?"

"எந்த மெயின் வாய்ஸ்?"

"மெட்டு சார். நீங்க இப்பப் பாடினது ரெண்டாம் குரல்தானே? முன்குரல் யாரு பாடறாங்க?"

"இதும்மா... இதுதான் பாட்டு."

கேலி செய்கிறானோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாத்தியங்களையெல்லாம் நிறுத்திவிட்டு அவன் குரலை மட்டும் ஓடவிட்டாள்.

அவனுக்கே கேட்டது. ஒவ்வொரு வரியும் ஒரு நூலளவு தாமதமாகத் தொடங்குகிறது, யாரோ ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தது போல. வரி முடிகிற இடத்தில் கீழே இறங்கி வீடு வந்து சேரவேண்டிய குரல், இரண்டு படி மேலேயே நின்றுகொள்கிறது. நடுவில் மூச்சு வாங்குகிறான். அந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வேறு ஒருவன் வாங்குகிற மூச்சு அது.

"அடுத்த பாட்டைப் பாடிப் பார்க்கறேன்" என்றான். பாடினான். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்பதையும் பாடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நடந்தது இதுதான். பாட்டுக் கட்டும்போது மெட்டு அவன் தலைக்குள் மச்சானின் குரலில் ஓடியிருக்கிறது. இவன் வாய் எப்போதும்போல் அதற்கு மேலே பாடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அவனுக்குக் கேட்டது. ஒன்று வெளியே இல்லவே இல்லை என்பது ஏழு மாதமும் அவனுக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு தப்பை வேறு யார் செய்ய முடியும் சொல்லுங்கள். பத்தொன்பது வருஷம் இரண்டாவதாகப் பாடியவன்தான் செய்ய முடியும்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க பாடறப்போ மிச்சத்தை நான் மனசுக்குள்ள பாடிக்குவேன். உங்க மச்சான் வந்து பாடுவாருன்னு நினைச்சேன். சேர்ந்துட்டீங்க போலிருக்கு, சொல்ல வெக்கப்படறீங்கன்னு நினைச்சேன்."

"நான் தனியாப் பாடறேன்னு நூறு தடவை சொன்னேனேடி!"

"வாய் சொல்லுச்சு. பாட்டு வேற சொல்லுச்சு. நான் பாட்டை நம்பினேன்."

அவன் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தான், தப்பாக. அவள் வாங்கித் திரும்ப மடித்தாள்.

மெட்டையே பாடிப் பழகிவிட்டால் போகிறது என்று அடுத்த இரண்டு சனிக்கிழமையும் முயன்றான். முதல் வரி வரும். இரண்டாவது வரியும் பல்லைக் கடித்துக்கொண்டு வரும். மூன்றாவது வரியில் குரல் தன் பாட்டுக்கு மேலே ஏறி, பழைய செருப்பில் கால் நுழைகிற மாதிரி நுழைந்துவிடும். பியானோவில் மெட்டை வாசித்துக் காதில் போட்டாள் அந்தப் பெண். காதில் மெட்டு கேட்டதுதான் தாமதம், இன்னும் உறுதியாக மேலே போய் உட்கார்ந்துகொண்டான்.

"சார், அவரையே கூப்பிட்டா என்ன? ஒரு நாள் வேலை" என்றாள் பெண்.

"முடியாது."

"சண்டையா?"

"சண்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவன் முன்னால பாடினா, இது எங்க குழுவோட பத்தாவது ஆல்பம். என்னோட முதல் ஆல்பம் இல்லை."

சரியாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிடிவாதம் ஒரு பக்கம் இருக்க, ஏக்கம் ஒரு பக்கம் நின்றது. அந்த முதுகு வேண்டும் போலிருந்தது. தோள் உயர்வதைப் பார்த்துத் தானும் மூச்சு இழுக்கிற அந்த நொடி வேண்டும் போலிருந்தது. எதை விட்டு வந்தானோ அதற்காகவே மனசு அடித்துக்கொண்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. குழுவை விட்டாலும் உறவை விட முடியுமா? மாதம் ஒருமுறை போய்க்கொண்டுதான் இருந்தான். மச்சானும் இவனும் எதிரெதிரே உட்கார்ந்து, வாஷிங் மெஷின் ஏன் துள்ளுகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். அடியில் ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்து அட்டை வைத்தார்கள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்தாள்.

"அண்ணா, உனக்கு ரெக்கார்டிங் நிக்குதாம். அண்ணி சொன்னாங்க. இவரு என்னடான்னா மேடையில வரி முடிஞ்சதும் திரும்பிப் பார்க்கறாராம். அங்க யார் இருக்கா? இடி அண்ணன் போன் பண்ணிச் சிரிக்கிறாரு. ரெண்டு பேரும் வாஷிங் மெஷினுக்கு அட்டை வைக்கிறீங்க!"

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சோபாக் கடை மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான் நின்றான். கையில் பழம் வேறு, ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் மாதிரி.

"பாட வரலை" என்றான் முதலிலேயே. "கேக்க வந்தேன். கேக்கலாம்ல?"

பெண் ஏழாம் மாடிப் பாட்டைப் போட்டாள். மச்சான் பஞ்சுச் சுவரில் சாய்ந்து நின்றான். இரண்டாவது வரிக்கெல்லாம் அவன் வாய் அசையத் தொடங்கிவிட்டது. மெதுவாக முனகினான், இவன் குரலுக்குக் கீழே. அவன் அந்தப் பாட்டை அதுவரை கேட்டதே கிடையாது. ஆனாலும் மெட்டு அப்படியே வந்தது, இவன் தலைக்குள் ஏழு மாதம் ஓடிய அதே மெட்டு, ஒரு வளைவு பிசகாமல். மேல்பாதியைக் கேட்டே கீழ்ப்பாதி எது என்று தெரிந்துகொண்டான். இவன் கிதாரைத் துடைக்கிற துணியை எடுத்துத் துடைக்காத இடத்தையெல்லாம் துடைத்தான்.

பாட்டு முடிந்ததும் மச்சான் சொன்னான்: "நல்லாயிருக்குடா. ரொம்ப நல்லாயிருக்கு. நான் பாடக்கூடாதுன்னு தெரியுது. ஆனா இடம் காலியா இருக்கே மச்சான்."

"அந்த இடத்துலதான் நான் நிக்கணும். நிக்க வரலை."

பெண் நாற்காலியைத் திருப்பினாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. சார் முன்குரல் பாடட்டும். நீங்க ரெண்டாம் குரல் பாடுங்க. அவர் ஹெட்ஃபோன்ல மட்டும். பாடி முடிச்சதும் உங்களை அழிச்சிடறேன்."

"அழிச்சிடுவியா? நல்ல பொண்ணும்மா நீ" என்றான் மச்சான். "ஆனா நான் பொறந்ததிலேருந்து ரெண்டாம் குரல் பாடினதில்லையே."

அது எவ்வளவு உண்மை என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. இரண்டு பேரையும் இரண்டு மைக்கில், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, எதிரெதிரே, முகம் பார்க்க நிறுத்தினாள். மச்சான் மேலே ஏறினான். ஒரு வரி நின்றான். அடுத்த வரியில் சறுக்கி மெட்டுக்கு வந்துவிட்டான். திரும்பவும் ஏறினான். திரும்பவும் இறங்கினான். பத்தொன்பது வருஷம் முன்னால் நின்றவன் கால் எங்கே போகும்? முன்னால்தான் போகும். சுருதி விட்டுக் குரல் கீச்சென்றது. தன் கச்சேரியில் யாராவது இப்படிப் பாடினால் அவனே விரட்டியிருப்பான்.

நாலாவது தடவை அவன் மெட்டுக்குச் சறுக்கியபோது இவனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"டேய், தள்ளுடா! அது என் இடம்! மேல போடா!"

"போறேன்டா, ஏன்டா கத்தறே! மேல மூச்சே முட்டுதுடா. எப்படிடா இத்தனை வருஷம் இங்க நின்னே?"

"நின்னேன்ல? நீயும் நில்லு!"

ஐந்தாவது தடவை. மச்சான் நழுவி நழுவி வந்தான். இவன் விடவில்லை. தன் இடத்துக்குள் ஒருவன் புகப்பார்க்கிறான் என்றால் அதைக் காக்கத்தானே வேண்டும்? ரயிலில் சீட்டைப் பிடித்துக்கொண்டவன் மாதிரி மெட்டின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான். மூன்றாவது வரி வந்தது, போனது. இவன் மேலே ஏறவில்லை. நாலாவது, ஐந்தாவது. மூச்சைத் தன் இஷ்டத்துக்கு வாங்கினான். எதிரே மச்சான், வழக்கமில்லாத வழக்கமாக, இவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான், எப்போது உயரும் என்று. கடைசி வரியில் இவன் குரல் படிப்படியாக இறங்கி, சேரவேண்டிய இடத்தில் வந்து சேர்ந்து நின்றது.

கீழே சோபாக் கடையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துடுச்சு" என்றாள் பெண்.

மீதி எட்டுப் பாட்டுக்கு ஐந்து சனிக்கிழமை ஆயிற்று. மச்சான் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. பாடுவான், திட்டு வாங்குவான், திருப்பித் திட்டுவான். ஒன்பதாவது பாட்டில் அவனே சுமாரான இரண்டாம் குரல்காரன் ஆகிவிட்டான். அதைக் கவனித்தவன் இவன் ஒருவன்தான், சொல்லவில்லை.

கடைசி நாள் பெண் கேட்டாள்: "சார், ஒண்ணு சொல்றேன். கடைசிப் பாட்டுல ரெண்டு குரலும் சேர்ந்து நல்லாவே இருக்கு. அதை மட்டும் விட்டு வைக்கவா?"

இவன் மச்சானைப் பார்த்தான். மச்சான் மின்விசிறியைப் பார்த்தான்.

"இன்னொரு தரம் போடும்மா" என்றான் இவன். போட்டாள். இருவர் குரலும் சேர்ந்து அந்தப் பஞ்சு அறையை நிறைத்தது. யார் மேலே, யார் கீழே என்று தெரியாதவர்களுக்குப் பழைய குழு மாதிரியே இருந்திருக்கும். இவன் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டான்.

"அழிச்சிடு" என்றான்.

"நிச்சயமா?"

"அழிச்சிடும்மா" என்றான் மச்சான். "அவன் சொல்றான்ல."

பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான், அதற்குச் சத்தம்கூட இல்லை. திரும்ப ஓடவிட்டாள். ஒரு குரல் மட்டும் வந்தது. நேரத்துக்குத் தொடங்கி, மூச்சு வாங்கவேண்டிய இடத்தில் வாங்கி, வீடு வந்து சேர்கிற குரல். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் கேட்டது கிடைத்துவிட்டது.

மச்சானை வழியனுப்பக் கீழே வந்தான். தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. கடைக்காரர்கள் பாலிதீன் சுற்றிய சோபா ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது போகட்டும் என்று இருவரும் ஓரமாக நின்றார்கள்.

"அடுத்த வாரம் எங்களுக்கு ஷோ இருக்கு" என்றான் மச்சான். முதல் முறையாக "எங்களுக்கு" என்றான். முன்பெல்லாம் "நமக்கு" என்பான்.

"ரெண்டாம் குரல் யாரு?"

"ஒரு பொண்ணு வந்திருக்கா. போன மாசத்திலேருந்து."

"நல்லாப் பாடறாளா?"

மச்சான் பொய் சொல்கிறவன் இல்லை. கொஞ்சம் யோசித்தான். "நல்லாவே பாடறா" என்றான்.

உன்னை மாதிரி இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வான் என்று இவன் காத்திருந்தான். மச்சான் பைக்கை உதைத்தான். "ஞாயித்துக்கிழமை வந்துடு, உன் தங்கச்சி கேட்டா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

தெருமுனை வரை அந்த முதுகு தெரிந்தது. திரும்புவதற்கு முன்னால் தலை இடதுபக்கம் சாய்ந்தது. என்ன பாட்டென்று இங்கிருந்து கேட்கவில்லை. ஆனால் பாடுகிறான், வரியை இழுக்கப்போகிறான் என்று தெரிந்தது. இவன் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டான். மேலே பெண் காத்துக்கொண்டிருந்தாள். ஆல்பத்தில் எந்தப் பாட்டை முதலில் வைப்பது என்று இவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. படியேறினான்.